கொடிக்கம்பமும் கருவாட்டுப் பெட்டியும்: ஏழாம் வகுப்பில் விகிதம் படிப்பித்த கதை

விகிதம் படிப்பிக்கிற வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரு வாளி, ஒரு கட்டுப் பேப்பர் துவாய், மாற்றுச் சட்டை ஒன்று, இவை இல்லாமல் வகுப்புக்குள் கால் வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருஷம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள் நான். அங்கே எனக்குத் தேவைப்பட்டது ஒரு சோக்கட்டியும் ஒரு முறைப்பும்தான். ரொறன்ரோவுக்கு வந்து டோனற் கடையில் வேலைக்கு நின்று, திரும்பவும் ஆசிரியர் பயிற்சி எடுத்து, இன்றைக்கு இந்தப் பள்ளிக்கூடம் நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடம் என்று இரண்டு வருஷம் ஓடி, தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு ஏழாம் வகுப்பைப் பிடித்தேன். அதுவும் பிரசவ லீவில் போன ஒருத்திக்குப் பதிலாக, ஒரே ஒரு வருஷத்துக்கு. அதிபர் கிரேசன் முதல் நாளே சொல்லிவிட்டார். இந்தப் பிள்ளைகள் கேட்டுப் படிக்கிறவர்கள் இல்லை, தொட்டுப் படிக்கிறவர்கள். விகிதம், விகிதசமம், மதிப்பீடு எல்லாம் கையால் செய்துதான் படிக்க வேண்டும். வேலை திருப்தி என்றால் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிக்கலாம். அந்த "யோசிக்கலாம்" என்ற ஒரு சொல்லுக்காக நான் பட்ட பாட்டை, முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தொண்டை கிழிந்த உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? இங்கிலீசில் நடந்த பேச்சையும் எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

நாக்குக்குப் பின்னம் தெரியாது

முதல் பாடம் தோடம்பழச் சாறு. கடையில் கட்டியாக உறைய வைத்து விற்பார்களே, அந்த ஒறேஞ்ச் சாறு. மூன்று குடுவைகளில் கலந்தேன். முதலாவதில் ஒரு பங்கு சாறு, மூன்று பங்கு தண்ணீர். இரண்டாவதில் இரண்டுக்கு ஐந்து. மூன்றாவதில் மூன்றுக்கு எட்டு. எதில் சாறு கூட? முதலில் குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு கணக்குச் செய்து காட்டுங்கள் என்றேன். இருபத்தொன்பது பிள்ளைகளும் ஒரே மூச்சில் எழும்பின சத்தம் இப்பவும் காதில் நிற்கிறது. உயர்தர வகுப்பில் ஒன்பது வருஷம் படிப்பித்தும் கணிதத்துக்காக ஒரு பிள்ளை கதிரையை விட்டுப் பாய்ந்ததை நான் கண்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று.

டெவன் என்று ஒரு பெடியன். அவனுடைய தாய் தகப்பன் யமேய்க்காவில் இருந்து வந்தவர்கள். அவன் மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, முதலாவதில்தான் சாறு கூட என்று அடித்துச் சொன்னான். கணக்கில் இரண்டாவதுதான் வந்தது. நம்பாமல் இன்னும் மூன்று கிண்ணம் குடித்தான். பிறகு பின்னங்களைத் தானே ஒரே பகுதிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, "மிஸ், என்ர நாக்குக்குப் பின்னம் தெரியாது" என்று ஒத்துக்கொண்டான்.

அந்த மகிழ்ச்சியில் நான் கையை வீச, மூன்றாவது குடுவை கவிழ்ந்து நிலத்தில் விரித்திருந்த காப்பெற்றில் போயிற்று. பள்ளிக்கூடத்தைத் துப்புரவு பார்க்கிற மனுவேல் ஐயா வாளியோடு வந்து, கீழே பார்த்து, என்னைப் பார்த்து, பெருமூச்சு விட்டார். "ரீச்சர், பிள்ளையளுக்கு ஒரு பங்கு, என்ர காப்பெற்றுக்கு மூண்டு பங்கு. இந்த விகிதம் எனக்கும் விளங்குது."

பத்துக் கோப்பைப் பனி

தர்ஷினி மட்டக்களப்பில் இருந்து கார்த்திகை மாதம் வந்து சேர்ந்த பிள்ளை. தை பிறந்தும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இங்கிலீசிலும் இல்லை, என்னோடு தமிழிலும் இல்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான். வீட்டில் கதைக்கிறாளா என்று தாயிடம் கேட்டேன். "கொஞ்சம்" என்றார் தாய், அவரும் குரலைத் தாழ்த்தி.

ஒருநாள் காலையில் புதுப் பனி முழங்கால் மட்டும் கொட்டியிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனேன். பத்துக் கோப்பை பனியை அமத்தாமல் அள்ளி ஒரு வாளியில் போட்டு, வகுப்புக்குள் வெப்பம் வருகிற இடத்தருகே வைத்தோம். உருகினால் எத்தனை கோப்பை தண்ணீர் வரும்? டெவன் எட்டு என்றான். பெரும்பாலானவர்கள் ஐந்து, ஆறு என்று எழுதினார்கள். தர்ஷினி தன் தாளில் ஒன்பது என்று எழுதி, கையால் மறைத்து வைத்திருந்தாள்.

மதியத்துக்குப் பிறகு வாளியைச் சுற்றி எல்லோரும் கூடினோம். நான் தண்ணீரைக் கோப்பையில் ஊற்ற ஊற்ற வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது. ஒரு கோப்பை. அதுவும் நிரம்பக் கொஞ்சம் குறை. வாளி வெறுமை. பனியில் பெரும்பங்கு காற்றுத்தான் என்பது இன்னும் ஒருவருக்கும் தெரியாது. "வாளி ஓட்டை!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருத்தி வாளியைக் கவிழ்த்து அடியைத் தடவினாள். அந்தக் கூச்சலுக்குள் என் பின்னால் இருந்து ஒரு குரல், தெளிவாக, உரக்க, தமிழில் வந்தது. திரும்பினால் தர்ஷினி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கோபத்தோடு என்னைக் கேட்கிறாள். "மிச்சம் எங்க ரீச்சர்? ஆர் குடிச்சது?"

ஒன்பதாயிரத்துச் சொச்சம்

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் முடிவில் "அண்டர்ஸ்ராண்ட்?" என்பேன். ஊரில் "விளங்கிச்சோ?" என்றது இங்கே அப்படி ஆகியிருந்தது. மாதிரி எடுத்து மதிப்பிடுகிற பாடம் வந்தபோது, நீங்களே ஒன்றைத் தெரிவுசெய்து மதிப்பிட்டுக் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். இவர்கள் எனக்குத் தெரியாமல் என்னையே தெரிவுசெய்துவிட்டார்கள்.

டெவன் ஐந்து நிமிஷம் எண்ணியிருக்கிறான், நான் அதை ஏழு தடவை சொல்லியிருக்கிறேன். அதை அப்படியே வருஷத்துக்குப் பெருக்கப் போனவனைப் பிரியா தடுத்திருக்கிறாள். பிரியா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வாய்க்காரி. புதுப்பாடம் நடக்கிற நாளில் மிஸ் கூடச் சொல்லுவா, பழைய பாடத்தில் குறையச் சொல்லுவா, ஒருநாளை மட்டும் வைத்துக் கணித்தால் பிழை என்று சண்டை பிடித்து, மூன்று நாள் எண்ண வைத்திருக்கிறாள். சராசரி ஐந்து நிமிஷத்துக்கு ஆறு. பாடம் நாற்பது நிமிஷம், கிழமைக்கு ஐந்து பாடம், வருஷத்துக்கு முப்பத்தெட்டுக் கிழமை. பெரிய மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்: ஒன்பதாயிரத்து நூற்றிருபது.

வெட்கமாக இருந்தாலும், மூன்று நாள் மாதிரி எடுத்த அந்த மூளையை நினைக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏன் ஒரு நாள் போதாது என்பதை எல்லோருக்கும் மறுபடி விளக்கினேன். கரும்பலகை நிறைய எழுதினேன். முடித்துவிட்டுத் திரும்பி, "அண்டர்ஸ்ராண்ட்?" என்றேன். இருபத்தொன்பது தொண்டையும் ஒன்றாகப் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே ஓடி வந்தது. "ஒன்பதாயிரத்து நூற்றிருபத்தொண்டு!"

பத்து மடங்கு சொக்கிளேற்

ஒரு பொருளைப் பத்து மடங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். பிள்ளைகள் தெரிவுசெய்தது ஒரு சொக்கிளேற் பெட்டி. நீளம் இருபது சென்ரிமீற்றர், அகலம் பன்னிரண்டு, உயரம் மூன்று. எவ்வளவு மட்டை வேண்டும்? பத்து மடங்கு பெட்டிக்குப் பத்துப் பெட்டி மட்டை என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆசிரியர் வேலையில் இதைவிடக் கடினமான வேலை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பத்துப் பெட்டியைப் பிரித்து நிலத்தில் பரப்பினார்கள். இரண்டு மீற்றர் நீள மூடியில் கால்வாசிதான் மூடிற்று. எல்லோரும் நின்றபடி பார்த்தார்கள். நீளமும் பத்து மடங்கு, அகலமும் பத்து மடங்கு, அப்ப பத்தை ரெண்டு தரம் பெருக்க வேணும் என்று தர்ஷினிதான் முதலில் பிரியாவின் காதுக்குள் சொன்னாள். பிரியா அதை இங்கிலீசில் கத்தினாள். நூறு பெட்டி! சந்தோஷத்தில் துள்ளினவர்கள் அடுத்த நிமிஷம் கவலையில் விழுந்தார்கள். நூறு பெட்டி மட்டைக்கு எங்கே போவது?

பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடைத்தொகுதியில் எங்கள் ஆள் ஒருவரின் பலசரக்குக் கடை. வெறும் பெட்டி வேண்டும் என்றதும் மனுசன் தாராளமாக அள்ளித் தந்தார். வாழைக்காய்ப் பெட்டி, மாம்பழப் பெட்டி, அவற்றுக்குள் ஆறு கருவாட்டுப் பெட்டியும். அவசரத்தில் நான் பார்க்கவில்லை. இரண்டு நாளில் சொக்கிளேற் பெட்டி எழும்பி நின்றது. மண்ணிறத் தாள் ஒட்டி, பொன்னிறக் கரை கீறி, அச்சொட்டாக இருந்தது. பெட்டிக்குள் மூன்று பிள்ளைகள் படுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வகுப்பறை வெப்பத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து அறைப் பிரெஞ்சு ரீச்சர் கதவைத் திறந்தார், மூக்கைப் பொத்தினார், பெட்டியைச் சுற்றி ஒருதரம் மரியாதையாக நடந்தார். "உங்கட சொக்கிளேற் நல்ல வடிவு. ஆனா உள்ளுக்குள்ள மீன் நீந்துது."

ஒரு போத்தல் கடலை

பெற்றோர் வருகிற மாலை. பிரியாவின் தகப்பன் குணரத்தினம் அண்ணை ஒஷாவாவில் கார்ப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் இருந்து நேரே வந்திருந்தார். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். இருந்ததும் இராததுமாகத் தொடங்கினார்.

"ரீச்சர், நீங்களும் எங்கட ஆள் எண்டுதான் நான் சந்தோசப்பட்டனான். பிள்ளை வீட்டை வந்து சாறு கலந்தம், பனி அள்ளினம், பெட்டி ஒட்டினம் எண்டு சொல்லுறாள். பதினைஞ்சாம் வாய்பாடு கேட்டா முழிக்கிறாள். உது படிப்போ, விளையாட்டோ?"

"ரெண்டும்தான் அண்ணை" என்றேன்.

"எனக்குச் சரியாப் படேல்லை. நான் அதிபருக்குக் கடிதம் குடுத்திட்டன். ஒளிச்சுச் செய்யிறது என்ர பழக்கம் இல்லை, அதுதான் உங்களுக்கும் சொல்லுறன்."

மேசையில் ஒரு போத்தல் கடலை இருந்தது, வகுப்புக்காக வைத்தது. அதை அவர் முன்னால் தள்ளினேன். "இதுக்குள்ள எத்தினை இருக்கும் அண்ணை? எண்ணாமச் சொல்லுங்கோ."

அளவை வேலை பார்த்த மனுசன் இல்லையா? கண்ணைச் சுருக்கிப் பார்த்து மூவாயிரம் என்றார். பிரியா சிரித்தாள். நூறு கடலையை எடுத்து மையால் புள்ளி வைத்துத் திரும்பப் போத்தலில் போட்டாள். நன்றாகக் குலுக்கினாள். அப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளச் சொன்னாள். அவர் அள்ளினது எண்பது கடலை. அதில் புள்ளி வைத்தது ஐந்து. "எண்பதில அஞ்செண்டா, நூறு எத்தினையில?" என்று மகள் கேட்க, தகப்பன் பேனாவைக் கழற்றி, மேசையில் கிடந்த கடிதவுறை ஒன்றின் முதுகில் கணக்குப் போட்டார். ஆயிரத்து அறுநூறு. நாங்கள் முதலே எண்ணி வைத்திருந்தது ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தெட்டு. அண்ணை போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்ப ஒருதரம் அள்ளினார். பின்னும் ஒருதரம் அள்ளினார். அடுத்த பெற்றோர் வாசலில் நின்று செருமும் மட்டும் அள்ளிக்கொண்டே இருந்தார். எழும்பும்போது மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டார். "விடை கிட்டடியிலதான் வருது ரீச்சர், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா உதைச் சோதினையில கேக்க மாட்டினமே!"

அதிபரின் உயரம்

கடிதம் வேலை செய்தது. சித்திரையில் ஒருநாள் பாடம் பார்க்க வருவதாக அதிபர் கிரேசன் சொன்னார். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் என்பது எனக்குச் சொல்லாமலே விளங்கிற்று. நான் தெரிவுசெய்தது கொடிக்கம்பம். நிழலை அளந்து உயரம் காண்பது. ஒரு பிள்ளையின் உயரம், அந்தப் பிள்ளையின் நிழல், கம்பத்தின் நிழல் இந்த மூன்றும் இருந்தால் கம்பத்தில் ஏறாமலே உயரம் வந்துவிடும்.

அன்றைக்கென்று காலையில் இருந்து முகில். அளவு நாடாவும் கையுமாக இருபத்தொன்பது பேரும் மைதானத்தில் வரிசையாக நின்றோம். அதிபர் கோட்டுப் பையில் கையை விட்டபடி வானத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் போயிற்று, நிழல் இல்லை. வெயில் வந்தால் கொஞ்ச நேரம்தான் நிற்கும், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அளந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நிழல் நகர்ந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒவ்வொரு கூட்டமும் ஒருவரை நிறுத்தியிருந்தது. பிரியாவின் கூட்டத்துக்கு ஆள் குறைந்ததால் அவள் நேரே போய், "சேர், நீங்கள் வந்து நில்லுங்கோ" என்று அதிபரையே இழுத்து வந்துவிட்டாள். உயரம் எவ்வளவு என்று கேட்டதற்கு அவர் யோசிக்காமல் "ஆறடி" என்றார்.

அப்போது முகில் விலகிற்று! மைதானம் முழுக்க நிழல் விழுந்ததும் எழுந்த கூச்சலை எப்படிச் சொல்வேன்! ஓடினார்கள், விழுந்தார்கள், நாடாவை இழுத்தார்கள், எண்களைக் கத்தினார்கள். நானும் சப்பாத்தைப் புல்லில் விட்டுவிட்டு ஓடினேன். மூன்று நிமிஷத்தில் திரும்ப முகில் மூடிவிட்டது. ஆனால் எல்லா அளவும் கையில் இருந்தது. கம்பத்தின் நிழல் ஏழு மீற்றரும் இருபது சென்ரிமீற்றரும்.

வகுப்பில் கணக்கு, அதிபரும் பின்னால் வந்து நின்றார். டெவன் உயரம் நூற்றைம்பது, நிழல் நூற்றிருபது. அவனுடைய கூட்டத்துக்கு விடை ஒன்பது மீற்றர். மற்றக் கூட்டங்களுக்கும் ஒன்பதைச் சுற்றித்தான் வந்தது. மனுவேல் ஐயா பழைய தாள் ஒன்றைப் பார்த்து எனக்கு முதலே சொன்னதும் ஒன்பதுதான். பிரியாவின் கூட்டத்துக்கு மட்டும் ஒன்பது மீற்றரும் நாற்பத்தொன்றும். அவள் மூன்று தரம் செய்து பார்த்தாள், பெருக்கலில் பிழை இல்லை. முகம் சிவந்து போயிற்று. அப்போது தர்ஷினி எழும்பி, தாளைத் திருப்பி, கம்பம் ஒன்பது என்று வைத்துக்கொண்டு அதிபரின் உயரத்தைக் கண்டுபிடித்தாள். நூற்று எழுபத்தைந்து சென்ரிமீற்றர். டெவன் அதை அடியாக மாற்றினான். ஐந்தடி ஒன்பது அங்குலம்.

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அதிபரின் காது சிவந்தது. டெவன் மட்டும் ஆறுதல் சொல்வது போலச் சொன்னான். "சேர், நீங்கள் மறந்திருப்பியள். கம்பத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அதிபர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடிற்று. போகும்போது வாசலில் நின்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "இருபது வருசமாச் சாரதி அனுமதிப் பத்திரத்தில ஆறடி எண்டுதான் இருக்கு, தயவுசெய்து மட்டையில எழுதிச் சுவரில ஒட்டிப்போடாதையுங்கோ."

மூன்று லீற்றர் மை

ஆனியில் எல்லா ஏழாம் வகுப்புக்கும் பொதுவான வினாத்தாள் வந்தது. கண்காணிப்பில் நான் நிற்கலாம், ஒரு சொல்லும் விளக்கக் கூடாது. சுவருக்குப் பூசுகிற மையைப் பற்றி ஒரு கேள்வி. மூன்று லீற்றர் இருபத்துநான்கு சதுர மீற்றருக்குப் போதும். ஐம்பத்தாறு சதுர மீற்றருக்கு எத்தனை லீற்றர்? கேள்வி ஐந்து வரி நீளம். தர்ஷினியின் பென்சில் அதில் நின்றுவிட்டது. நான் அவளுடைய வரிசையால் போனேன், வந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தமிழில் இரண்டு சொல் சொன்னால் போதும். நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு ஒரு வருஷம்.

திரும்பிப் பார்க்கும்போது அவள் தாளின் ஓரத்தில் மூன்று தகரப் பேணி கீறியிருந்தாள். ஒவ்வொரு பேணிக்குக் கீழும் எட்டுக் கட்டம். பிறகு நாலாவது பேணி, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. ஏழில் வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்! எனக்கு அந்த இடத்திலேயே கைதட்ட வேண்டும் போலிருந்தது. மணி அடித்ததும் ஓடிப்போய், அந்தக் கேள்வியை வாசித்து விளங்கிக்கொண்டாயா என்று கேட்டேன். அவள் புத்தகப் பையைத் தோளில் போட்டபடி சாதாரணமாகச் சொன்னாள். "வசனம் விளங்கேல்ல ரீச்சர், பங்கு விளங்கினது."

கடைசிக் கிழமை

வினாத்தாள் முடிவு வந்தபோது, விகிதக் கேள்விகளில் மூன்று பேரைத் தவிர எல்லோரும் தேறியிருந்தார்கள். அன்று காலை அதிபர் என்னைக் கூப்பிட்டு, லீவில் போனவர் திரும்பி வரப்போவதில்லை, அந்த இடம் உங்களுக்குத்தான் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒருதரம் துள்ளினேன். ஒருதரம் இல்லை, நாலைந்து தரம்.

பின்னேரம் வாகனத் தரிப்பிடத்தில் குணரத்தினம் அண்ணை காத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பிரியா, அவளின் கையைப் பிடித்தபடி ஆறு வயது மதிக்கத்தக்க தங்கை ஒருத்தி. காரின் பின்கதவைத் திறந்து, வடிவாக மடித்து அடுக்கின வெறும் மட்டைப் பெட்டிகளைக் காட்டினார். கருவாட்டுப் பெட்டி ஒன்றும் இல்லை, தானே ஒவ்வொன்றாக மணந்து பார்த்ததாகச் சொன்னார். பிறகு சின்னவளைக் காட்டினார். "ரீச்சர், இவள் ஏழாம் வகுப்புக்கு வர ஆறு வருசம் கிடக்கு. அதுமட்டும் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு எங்கையும் போயிடாதையுங்கோ, கண்டியளோ?"

அந்த ஒரு வருஷத்தில் பனியையும் கடலையையும் கொடிக்கம்பத்தையும் அதிபரையும்கூடச் சரியாக மதிப்பிடப் படித்துக்கொண்டேன், ஆனால் இவ்வளவையும் கொட்டிப் பரப்பினபிறகு மணி அடிக்க முன் கூட்டி அள்ளி முடிக்க எத்தனை நிமிஷம் வேண்டும் என்பதை மட்டும் இன்றுவரை ஒருநாளாவது சரியாக மதிப்பிட்டதில்லை.